நான்காவது கேள்வி

13 பிப்ரவரி 2025, வியாழன்

வகுப்புக்கு இருபத்திரண்டு தாதியர் வந்தார்கள். பாதிப் பேர் கைத்தொலைபேசியில் இருந்தார்கள். மூன்று பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். "நோயாளியின் பண்பாட்டை அறிவோம்" என்று இந்தக் கிள்ளான் மருத்துவமனையில் பதினோரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். மேலிடம் கொடுத்த சிலைடில் இந்தியர்களுக்கு மொத்தமே நான்கு வரி. திருநீறு பூசுவார்கள், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள், கூட்டமாக வருவார்கள், வலித்தால் சத்தம் போடுவார்கள். கடைசி வரியை எடுங்கள் என்று மூன்று வருடமாக மின்னஞ்சல் அனுப்புகிறேன். இன்னும் இருக்கிறது. இதைக் கற்றுக்கொடுப்பதற்கு எனக்குச் சம்பளம் வேறு.

ஒரே ஆறுதல் என் அட்டை. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளிலிருந்து தமிழ்நாட்டு ஆட்கள் நிறைய வருகிறார்கள். எங்கள் தாதியர் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். இத்தனை நாளும் துப்புரவு வேலை பார்க்கும் இராஜம்மா அக்காவைத்தான் ஓடிப்போய்க் கூப்பிடுவார்கள். அவர் கையில் மொப்போடு வந்து நின்று மொழிபெயர்ப்பார். பயிற்சி இல்லாதவர்களை மொழிபெயர்க்க விடக்கூடாது என்பது என் பாடத்தின் முதல் விதி. அதனால் அறுவை சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய பன்னிரண்டு கேள்விகளைத் தமிழில் எழுதி, மேலே ரோமன் எழுத்திலும் போட்டு, கழுத்தில் மாட்டுகிற மாதிரி ஓர் அட்டை செய்திருக்கிறேன். தாதி அப்படியே வாசித்தால் போதும்.

நான்காவது கேள்விக்குத்தான் ரொம்ப யோசித்தேன். முதலில் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் இருந்தது. ஆனால் அது நம் ஆட்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி. கேட்டதும் "ஆச்சு சிஸ்டர்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத இரண்டு பேர் அப்படிச் சொல்லி, அவர்களுடைய ஆபரேஷன் தள்ளிப்போனது. அதனால் "பசியாறிட்டீங்களா?" என்று மாற்றினேன். காலைச் சாப்பாடு ஆனதா என்று நேராகக் கேட்கிற சொல். இந்த ஊரில் பிறந்த எந்தத் தமிழருக்கும் சந்தேகம் வராது.

ஏப்ரலில் பங்சாரில் நடக்கிற மாநாட்டில் அட்டையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன். "பன்னெண்டு கேள்வி எழுதியிருக்கே, என்னைப் பாத்து ஒன்னாச்சும் கேட்டியா லா?" என்றார் பாலன்.

24 பிப்ரவரி, திங்கள்

அட்டைகள் வந்துவிட்டன. மஞ்சள் நிறம், நல்ல லேமினேட். இராஜம்மா அக்கா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்களா சிஸ்டர்?" என்றார். இது உங்கள் வேலை இல்லையே அக்கா, அவர்கள் உங்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றேன். பெரிய நியாயம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர் வாளியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

11 மார்ச், செவ்வாய்

காலையில் ஒரு குடலிறக்க ஆபரேஷன். சின்னதுதான், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். நோயாளி பக்கிரிசாமி, முப்பத்தாறு வயது, புதுக்கோட்டைப் பக்கம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை.

மயக்க மருந்து கொடுத்ததும் வயிற்றிலிருந்து சோறு மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டது. வெறும் வயிறாக இருக்க வேண்டியவர். சோறு! இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரம்தான் மூச்சுவிடுகிறது.

அவரைத் தயார் செய்த தாதி அஸ்லினா, இருபத்தாறு வயதுப் பெண். உடை மாற்றும் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை 'காக்' என்பாள், அக்கா என்று. மலாயில் சொன்னாள்: "காக், நான் அட்டையைப் பார்த்துத்தான் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். 'இல்ல சிஸ்டர்'னுதான் சொன்னார். 'இல்ல'ன்னா திடாக்தானே, காக்?"

ஆமாம், 'திடாக்'தான் என்றேன். உன் மேல் தப்பில்லை என்றேன்.

12 மார்ச், புதன்

விசாரணைக் கூட்டம். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுத் தலைவர் டாக்டர் லோகன் நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார். கோப்பை மூடுவதில் மட்டும் அவசரம். மயக்க மருத்துவர், "புவாசா?" என்று மலாயில் தான் கேட்டதாகவும், நோயாளி பலமாகத் தலையாட்டியதாகவும் சொன்னார். பட்டினி இருந்தீர்களா என்று கேட்க இங்கே எல்லோரும் சொல்கிற சொல்தான் அது. பிறகு அஸ்லினாவும் தமிழிலேயே கேட்டிருக்கிறாள். இரண்டு இடத்திலும் அவர் சாப்பிடவில்லை என்றுதான் பதில்.

"அப்புறம் ஏன் மறைக்கணும்? அமுதா, கல்ச்சர் சைட்ல நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் லோகன்.

சொன்னேன். கேட்காமலே சொல்லிக்கொடுக்கிற வாய் இது, கேட்டால் சும்மா இருக்குமா? வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விடுப்பு கிடைப்பது கஷ்டம். ஆபரேஷன் தள்ளிப்போனால் மறுபடி விடுப்புக் கேட்க முடியாது. அந்தப் பயத்தில் உண்மையை மறைப்பது உண்டு. இது வகுப்பில் நான் சொல்கிற பாடம். லோகன் தட்டச்சு செய்துகொண்டே, "நல்லா சொன்னீங்க, அப்படியே போட்டுக்கிறேன்" என்றார்.

அறிக்கையில் இருக்கிறது: நோயாளி உணவு உண்டதை மறைத்தார். அதற்குப் பண்பாட்டுக் காரணம் — நான் சொன்ன வாக்கியம்.

14 மார்ச், வெள்ளி

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒருவர் இரண்டு நாளாக நிற்கிறார் என்று காவலர் சொன்னார். போய்ப் பார்த்தேன். ஷாஹுல் ஹமீது, நாகூர்க்காரர். பக்கிரிசாமியோடு ஒரே அறையில் நான்கு வருடம். நோன்பில் முகம் வாடியிருந்தது.

"நான்தாங்க்கா அவரைச் சாப்பிட வச்சேன்" என்றார்.

கிளினிக்கில் பக்கிரிசாமியிடம் "புவாசா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு இந்த ஊரில் தெரிந்த புவாசா ஒன்றே ஒன்றுதான். ஷாஹுல் ரமலானில் இருக்கிற நோன்பு. விடிவதற்கு முன் எழுந்து சஹர் சாப்பிட வேண்டும், அதன்பின் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. "நீ எந்திரிக்கும்போது என்னையும் எழுப்பிவிடு, நானும் நாளைக்கு புவாசா" என்று சொல்லிப் படுத்திருக்கிறார். ஐந்து மணிக்கு இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எச்சில்கூட விழுங்காமல் வந்திருக்கிறார் மனுஷன். தொழிற்சாலை வேனில் யாரோ கொடுத்த தண்ணீரையும் வேண்டாம் என்றாராம்.

தலையைப் பலமாக ஆட்டினாராம் மயக்க மருத்துவரிடம். ஆட்டாமல்? அவர் புவாசாதானே!

17 மார்ச், திங்கள்

லோகனிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, புவாசாவைத் தப்பா புரிஞ்சிக்கிட்டார், ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கப்புறம் அவர் சொந்த பாஷைல கேட்டிருக்கோம்ல? உங்க அட்டைலதானே கேட்டாங்க? அங்க ஏன் இல்லன்னு சொன்னார்?"

அந்தக் கேள்வி என்னையும் அரித்தது.

மத்தியானம் ஷாஹுலைப் பார்த்ததும் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். தமிழிலேயே கேட்டார்கள், அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று அட்டையை நீட்டினேன். இதோ, நான்காவது கேள்வி.

வாசித்தார். அட்டையைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"எங்க ஊர்ல நாங்களும் பசியாறன்னுதான் சொல்லுவோம்க்கா, காலைச் சாப்பாட்டுக்கு. அவருக்கு இது வேற. தினமும் நான் 'பசியாறியாச்சா'ன்னு கேட்டா, 'எங்க ஆறுது, வயிறு இன்னும் கேக்குதே'ம்பாரு. ரூம்ல அது ஒரு கிண்டல். அன்னிக்கு சோறு கம்மி. ஒரு ஆளுக்கு வடிச்சதை ரெண்டு பேர் தின்னோம். பாதி வயிறுகூட இல்ல."

பசி ஆறிவிட்டதா என்று கேட்டிருக்கிறாள் அஸ்லினா. ஆறவில்லை என்று சொல்லியிருக்கிறார் அவர். இரண்டு தடவை.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அய்யோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? "இந்த ஊரில் பிறந்த எந்தத் தமிழருக்கும்" — அந்த ஆளு இந்த ஊருலயா பொறந்தாரு? யாருக்காக அந்த அட்டையைச் செஞ்சே, அமுதவள்ளி? யாருக்காக?

18 மார்ச், செவ்வாய்

அவர் உண்மையைத்தான் சொன்னார்.

21 மார்ச், வெள்ளி

நேற்று மாலை நான்கு மணிக்கு பக்கிரிசாமி இறந்துவிட்டார்.

இன்று காலை ஊரிலிருக்கும் அவர் மனைவியிடம் போனில் பேச ஆள் தேடினார்கள். அனுபவமுள்ளவர், தமிழ் தெரிந்தவர், பண்பாடு அறிந்தவர் — என் பெயரைத்தான் சொன்னார்கள். மாரியாயி என்று பெயர். சாவுச் செய்தியை வேலைக்கு அனுப்பிய ஏஜென்டு முன்பே சொல்லிவிட்டான். கூடவே, உன் புருஷன் சாப்பிட்டுவிட்டு இல்லை என்று பொய் சொல்லிவிட்டான், அதனால்தான் செத்தான் என்றும் சொல்லியிருக்கிறான்.

அழுது முடித்த குரல். "அவுக பொய் சொல்ல மாட்டாகம்மா. கடையில ஒரு சாமான் கூடுதலா வந்தாக்கூட திருப்பிக் கொடுத்துட்டு வர்ற ஆளு. இங்க சொந்தக்காரக எல்லாம் ஒரு மாதிரி பேசுறாக. அங்கிட்டு என்னதான் நடந்துச்சு? நீங்க பாத்தீகளா?"

பக்கத்தில் லோகன் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி போட்டிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

தமிழில் இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் சொல்ல எனக்கு வருகிறது.

24 மார்ச், திங்கள்

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பாலன் தோசை சுட்டுத் தட்டை என் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "இப்ப நீ ஒத்துக்கிட்டா அவர் எந்திரிச்சு வந்துடுவாரா?" என்றார். வர மாட்டார். "அப்புறம்?" என்றார். தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

இராஜம்மா அக்காவிடம் மட்டும் முழுதும் சொன்னேன். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நானா இருந்தா, காலைல என்னய்யா தின்னேன்னுதான் கேட்டிருப்பேன்" என்றார். மொப்பைப் பிழிந்துகொண்டே, "சோறுன்னு சொல்லிருப்பாரு" என்றார்.

என்னைத் திட்டியிருக்கலாம். அவர் அடுத்த படிக்குப் போய்விட்டார்.

27 மார்ச், வியாழன்

இரண்டு பக்கம் எழுதி லோகனிடம் கொடுத்தேன். கேள்வி தவறு, நோயாளி சரியாகப் பதில் சொன்னார், மறைத்தார் என்ற வரியை எடுக்க வேண்டும், பண்பாட்டுக் காரணம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வார்த்தை, அமுதா. ஒரு வார்த்தையை வச்சு இவ்ளோ பெரிய ஹாஸ்பிட்டல் ரிப்போர்ட்டை மாத்தச் சொல்றீங்க. அதுவும் ரெண்டு பேருமே தமிழ்தானே, எப்படி புரியாமப் போகும்னு போர்டு கேக்கும். நான் என்ன சொல்ல?"

அதைத்தான் என்னாலும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. பதினோரு வருடம் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் தமிழரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். தமிழருக்குத் தமிழரைத் தெரியும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

31 மார்ச், திங்கள்

ஹரிராயா, நோன்புப் பெருநாள் விடுமுறை. ஷாஹுலுக்கு வாழ்த்து அனுப்பினேன். உடலை ஊருக்கு அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது. பெருநாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

9 ஏப்ரல், புதன்

என் இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது: விசாரணை முடிந்தது, மறுபடி திறக்க முகாந்திரம் இல்லை. அட்டை "மேம்படுத்தப்படும்". அதற்கு ஒரு குழு. குழுவின் தலைவர் யார்? நான்!

அஸ்லினா வேலையை விட்டுவிட்டாள். அவள் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. நானும் உண்மையைச் சொல்லிவிட்டேன், உன் தப்பு இல்லை, என் தப்பு என்று. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் வாசித்தது எனக்கே புரியவில்லை, காக். புரியாமல் வாசித்தேன்" என்றாள். நான்தானே சொன்னேன், புரிய வேண்டாம், வாசித்தால் போதும் என்று.

17 ஏப்ரல், வியாழன்

பங்சார் மாநாடு. போகாமல் இருந்துவிடலாமா என்று விடியும்வரை யோசித்தேன். போனேன். தயாரித்த பேச்சை விட்டுவிட்டு, பெயர் சொல்லாமல், நடந்ததைச் சொன்னேன். கேள்வியை எழுதியது நான் என்றும் சொன்னேன். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது.

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள்! தேநீர் இடைவேளையில் ஒரு டாக்டர் அம்மா என் தோளைத் தொட்டு, மனதை உருக்கிவிட்டீர்கள் என்றார். பிறகு, அந்த அட்டையின் சாஃப்ட் காப்பி கிடைக்குமா, எங்கள் கிளினிக்கில் நிறைய தமிழ்நாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்றார்.

ரயிலில் வீட்டுக்கு வந்தேன். இனி இதைக் கற்றுக்கொடுக்க என்னால் முடியாது.

2 மே, வெள்ளி

பயிற்சிப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பகல்நேர அறுவைப் பிரிவுக்கே தாதியாகப் போகிறேன் என்று கேட்டு வாங்கினேன். லோகனுக்கு நிம்மதி, முகத்தில் தெரிந்தது. அட்டைகளைத் திரும்ப வாங்கி நானே வெட்டிப் போட்டேன். லேமினேட் வெட்டுவது கஷ்டம், கை வலிக்கிறது.

10 மே, சனி

ஷாஹுல் விடுப்பில் ஊருக்குப் போகிறார். நாகூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் பிடித்து மாரியாயியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தேன். ஆறு முறை கிழித்து எழுதினேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. பசியாறிட்டீங்களா என்ற கேள்விக்கு, பசி ஆறவில்லை என்று சரியான பதிலைச் சொன்னார். கேள்விதான் தவறு. அதை எழுதியது நான். அவர் மறைத்தார் என்று சொன்னதும் நான். அன்று தெரியாது என்று உங்களிடம் சொன்னதும் பொய். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

கீழே முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண். பாலன் படித்துப் பார்த்தார். "உன் மேல கேஸ் போட்டா?" என்றார். போடட்டும் என்றேன். உறை எடுத்துக் கொடுத்தார்.

3 ஜூன், செவ்வாய்

காலையில் ஐந்து நோயாளிகள். இராஜம்மா அக்காவை மொப்பை வைத்துவிட்டு வரச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் கேட்கிறேன். அதற்கு அனுமதி இல்லை. யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கிளினிக்கில் இன்னும் "புவாசா" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். அறிக்கையில் அந்த வரி அப்படியே இருக்கிறது. புதுப் பயிற்சி அதிகாரியின் சிலைடில் அந்த நான்கு வரியும் இருக்கிறது.

மாலை வீட்டுக்கு வந்ததும் மாரியாயியிடமிருந்து அழைப்பு. கடிதத்தைப் பக்கத்து வீட்டு டீச்சர் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாராம். சொந்தக்காரர்களையும் கூட்டி வைத்து ஒரு தடவை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

"அவுக பொய் சொல்லலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. ஊருக்குத்தான் தெரியணும், தெரிஞ்சிருச்சு" என்றார். பின்னால் எங்கோ ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. பசியாறலன்னு சொன்னாகன்னு எழுதிருக்கீகளே... அப்ப அவுக பசியோடதான் போனாகளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று தெரிந்தது. ஆனால் இந்த முறை கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றேன்.